மூன்று பேர் நின்ற படம்

படம் எடுக்கிற தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கிற நீங்கள் எல்லாரும் என்னிடம் கேட்பது கமராவைப் பற்றி. எந்த லென்ஸ் நல்லது அண்ணை, இலையின் மஞ்சள் அப்படியே விழ என்ன செய்ய வேண்டும் அண்ணை, மழை வந்தால் என்ன செய்வீர்கள் அண்ணை. மழை வந்தால் நனைவேன். மற்ற இரண்டுக்கும் ஒழுங்கான பதில் எனக்குத் தெரியாது என்பதை முப்பது வருடமாக லண்டன் முழுக்க மறைத்துத்தான் பிழைத்தேன்.

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டுவிட்டது. நான்தான் பள்ளிக்கூடத்தை விட்டேன் என்று வீட்டில் சொல்லி வைத்திருக்கிறேன், நீங்களும் அப்படியே சொல்லுங்கள். பிறகு ஜெர்மனியில் கோப்பை கழுவினேன். லண்டனுக்கு வந்து பெற்றோல் ஸ்டேஷனில் நின்றேன். ஒரு கலியாண வீட்டில் படம் எடுக்க வேண்டியவர் வராமல் போக, கழுத்தில் கமரா தொங்கிய குற்றத்துக்காக என்னைப் பிடித்து மணவறைக்கு முன்னால் தள்ளிவிட்டார்கள். போன வருடம் என் முழங்கால் இரண்டும் சேர்ந்து வேலையை விடச் சொல்லும்வரை நான் அந்த இடத்தை விட்டு நகரவில்லை.

ஒக்டோபர், நவம்பர் எங்களுக்கு அவுட்டோர் காலம். மண்டபத்துக்குள் ஓமப் புகையில் கண் எரிந்த ஆட்களுக்கு வெளிக்காற்று கிடைக்கிற இரண்டு மாதம். நகரத்துக்குள் என்றால் ஆற்றங்கரை மரங்களின் கீழே ஒரு சோடி, பின்னால் ஒரு சிவப்பு பஸ். காடு கேட்கிற ஆட்களை ரிச்மண்ட் பார்க்குக்கு மான் காட்டக் கூட்டிக்கொண்டு போவேன், இல்லாவிட்டால் விம்பிள்டன் கொமன் காட்டுக்கு. எல்லாருக்கும் வேண்டியது ஒன்றுதான், இலையை அள்ளி மேலே எறிந்துவிட்டுச் சிரிக்கிற படம். என் முதல் அவுட்டோரில் ஒரு மணப்பெண்ணைக் கூறைச் சேலையோடு இலைக் குவியலுக்குள் இருத்தினேன். இருத்திய பிறகுதான் அந்தக் குவியலை எங்களுக்கு முன்னரே ஒரு நாய் பாவித்துவிட்டுப் போயிருந்தது தெரிந்தது. மாப்பிள்ளை சிரித்தார். அந்தக் கலியாணம் தப்பியது அதிசயம். ஆகவே இலைக் குவியலுக்குள் முதலில் நீங்கள் இறங்கிப் பாருங்கள். இந்தக் கட்டுரையில் தொழிலுக்கு உடனே உதவக்கூடிய புத்திமதி இது ஒன்றுதான். மிச்சம் என் விரல் செய்த ஒரு காரியத்தைப் பற்றியது.

இங்கே பிறந்த உங்களில் பாதிப் பேருக்குத் தெரியாத ஒரு விசயத்தை முதலில் சொல்லவேண்டும். மூன்று பேர் மட்டும் நின்று படம் எடுத்தால் அதில் ஒருவருக்கு ஆகாது என்று எங்கள் ஆட்களுக்கு ஒரு பயம் இருக்கிறது. எங்கே எழுதியிருக்கிறது என்று கேட்காதீர்கள். எழுதியிருந்தாலும் எனக்கு வாசிக்கப் பொறுமை இல்லை. நானும் முதலில் அதைக் கவனிக்காமல்தான் திரிந்தேன். நோர்பரியில் ஒரு பிறந்தநாள் வீட்டில் அண்ணன் தம்பி மூன்று பேர் தோளில் கை போட்டு நின்றார்கள், எடுத்தேன். இரண்டு மாதம் கழித்து நடுவில் நின்றவர் மோட்டர்வேயில் காரை அடித்துக் காலை முறித்துக்கொண்டார். தாய் எனக்குப் போன் எடுத்தார்.

"தம்பி, நீர் படிச்சனீரோ?"

"இல்லை அம்மா."

"அது தெரியுது. மூண்டு பேரை நிப்பாட்டிப் படம் எடுக்கிறதே? என்ர பிள்ளை இண்டைக்குக் கட்டோட கிடக்கு."

அந்தப் பிள்ளை மணிக்கு எத்தனை மைல் வேகத்தில் போனார் என்று நான் கேட்கவில்லை. ஆனால் அந்த அம்மா என் பெயரை ஊரெல்லாம் சொல்லி முடிக்க ஒரு கிழமை கூடப் பிடிக்கவில்லை. அன்றிலிருந்து மூன்று பேர் சேர்ந்து நின்றால் நான் நாலாவது ஆளைத் தேடி ஓடுவேன். ட்ரைவர், சமையல்காரர், ஐயர், யார் கிடைத்தாலும் சரி. ஒருவரும் கிடைக்காவிட்டால் கமராவை ஸ்டாண்டில் பூட்டி, பத்து செக்கனுக்கு டைமரை வைத்துவிட்டு நானே ஓடிப்போய் நிற்பேன். லண்டனில் முன்பின் தெரியாத எத்தனையோ குடும்ப அல்பங்களில் நான் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறேன். யாரோ ஒரு மாமா என்று அவர்களின் பேரப்பிள்ளைகள் ஒரு காலத்தில் நம்பப்போகிறார்கள்.

இனிக் குகனைப் பற்றி.

குகன் வீடுகளில் கிச்சின் அலுமாரி பொருத்துகிற வேலை செய்தவர். பிரான்ஸில் பத்து வருடம் இருந்துவிட்டு இங்கே வந்து நோர்பரியில் வீடு எடுத்தவர். மனைவி சுபா ஒரு மருந்துக்கடையில் வேலை. ஒரே மகள் ஆரணி, அப்போது பதினேழு வயது. அந்த வருடம் தீபாவளி கழிந்த மறுநாள் குகன் எனக்குப் போன் எடுத்தார்.

"அண்ணை, ஒரு அவுட்டோர் செய்யவேணும். நானும் மனிசியும் மகளும்."

"செய்வம். என்ன விசேசம்?"

"விசேசம் ஒண்டும் இல்லை. எனக்குக் கணையத்தில கான்சர். டொக்டர் டிசம்பரில வாற நத்தாரைப் பற்றிக் கதைக்கேக்க கொஞ்சம் இழுக்கிறார்."

என் வாழ்க்கையில் எனக்குப் பகிடி ஒன்றும் வராத நேரங்கள் குறைவு. அது ஒன்று.

"எனக்கு என்ன நோய் எண்டு மகளுக்குத் தெரியும். நாள் தெரியாது," என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "அண்ணை, எனக்கு ஒரு படம் போதும். நாங்கள் மூண்டு பேரும் சேந்து நிக்கிறது. வீட்டில தேடிப் பாத்திட்டன், அப்பிடி ஒண்டு இல்லை. அவள் பிறந்த நாளிலயிருந்து எல்லாத்துக்குள்ளயும் ஆரோ ஒரு ஆள் நிக்கிறார். மச்சான் நிக்கிறார், பக்கத்து வீட்டு ஆள் நிக்கிறார். சுபா மூண்டு பேராய் நிக்க விடமாட்டா. அவவுக்குத் தெரியாமல் எண்டாலும் ஒண்டு எடுத்துத் தாங்கோ."

பார்ப்போம் என்றேன். நான் பார்ப்போம் என்றால் என்ன அர்த்தம் என்று என்னிடம் அல்பத்துக்காகக் காத்திருந்த ஆட்களைக் கேளுங்கள்.

கந்தசஷ்டியின் ஐந்தாம் நாள். சுபா விரதம். வெறும் தண்ணீரோடு இருந்தார். விம்பிள்டன் கோயிலில் பூசை பார்த்துவிட்டு அப்படியே மூவரும் கொமனுக்கு வந்தார்கள். மத்தியானம் தாண்டிவிட்டது. நவம்பர் வெயிலை உங்களுக்குத் தெரியும், மூன்று மணிக்கே வீட்டுக்குப் போக அவசரப்படும். குளத்துக்கு அந்தப் பக்கம் ஒரு பெரிய மரம் முழுக்க மஞ்சள். மரத்தில் பாதி இலை, நிலத்தில் பாதி இலை. நான் அங்கே ஸ்டாண்டை ஊன்றினேன்.

குகன் கலியாணத்துக்குத் தைத்த கோட்டைப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். தலையில் மண்ணிறக் கம்பளித் தொப்பி. அந்தக் கோட்டுக்குள் இன்னொரு குகனும் நிற்கக்கூடிய இடம் இருந்தது. இதற்கு எங்களிடம் ஒரு வழி இருக்கிறது, உங்களுக்கும் தெரியும். துணியைப் பின்னால் இழுத்துக் கிளிப் போட்டால் முன்னுக்கு அளவாக நிற்கும். வழமையாக இரண்டு கிளிப் போதும். அன்றைக்கு ஆறு போட்டேன். கிளிப் போடும்போது அவரின் முதுகெலும்பு என் விரலில் பட்டது.

"அண்ணை, பின்னால பாத்தால் உடுப்புக் காயப்போட்ட கொடி மாதிரி இருப்பன் என்ன," என்றார்.

"முன்னால பாத்தால் மாப்பிள்ளை. நாங்கள் முன்பக்கத்தைத்தான் விக்கிறது."

சோடி சோடியாக எடுத்தேன். தகப்பனும் மகளும், புருசனும் மனைவியும், தாயும் மகளும். ஆரணி இலையை அள்ளித் தகப்பனின் தலையில் கொட்டினாள். சுபா ஒவ்வொரு படத்துக்கும் முன்னால் குகனின் கழுத்துத் துண்டைச் சரிசெய்தார். எல்லாம் சரியாகத்தான் போனது. ஆனால் குகன் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இப்ப எல்லாரும் சேந்து ஒண்டு," என்றேன்.

சுபா திரும்பிப் பார்த்தார். "அண்ணை, மூண்டு பேராய் வேண்டாம். விரதத்தோட நிக்கிறன்."

"அது எனக்குத் தெரியாதே தங்கச்சி? நாலாவதாய் நான் வாறன். அழகான ஆள் ஒண்டு இருந்தால்தானே படம் எடுபடும்."

அவர் அரைச் சிரிப்போடு சம்மதித்தார். நான் டைமரை வைக்கக் குனிந்தபோது குகன் வெயில் எப்படி என்று பார்க்க வந்தவர் போல என் பக்கம் வந்தார்.

"ஓடுற மாதிரி ஓடிப்போட்டு வெளியில நில்லுங்கோ அண்ணை," என்று காதுக்குள் சொன்னார். "ஒரு படம்."

திரும்பவும் பார்ப்போம் என்றேன். உண்மையைச் சொல்கிறேன், அந்த நேரம் வரைக்கும் நான் ஒரு முடிவும் எடுக்கவில்லை. ஒரு பக்கம் ஐந்து நாளாகச் சாப்பிடாத ஒரு பெண், மறு பக்கம் நாள் எண்ணிக்கொண்டு நிற்கிற ஒரு மனிதன். யாருக்கு நல்லவனாக இருப்பது என்று தெரியாமல் பட்டனை அமத்திவிட்டு ஓடினேன்.

முடிவை என் சப்பாத்து எடுத்தது. ஈர இலையில் கால் வழுக்கி, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, முழு உடம்பும் நிலத்தில் சப்பென்று விழுந்தேன். விழுந்த இடத்தில் இருந்து இன்னும் கொஞ்சத் தூரம் வழுக்கியும் போனேன். குளத்தில் இருந்த தாராக்கள் எழும்பிப் பறந்தன. அந்த மூன்று பேரும் சிரித்தார்கள். மரியாதைக்குச் சிரித்த சிரிப்பு இல்லை. குகன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மகளின் தோளில் சாய்ந்தார். சுபா முந்தானையால் வாயைப் பொத்தப் போய், பொத்தாமல் விட்டுவிட்டார். டைமர் அந்த நேரத்தில் படத்தை எடுத்தது.

எழும்பிப் போய்ப் பார்த்தேன். பிள்ளைகளே, நான் வாழ்நாளில் எடுத்த நல்ல படம் அதுதான், அதை நான் எடுக்கவும் இல்லை. வெயில் பின்னாலிருந்து இலைக்குள்ளால் வருகிறது. மூன்று பேரும் ஒருவரில் ஒருவர் சாய்ந்து, மூன்று வாயும் திறந்து, ஒரு கண்ணிலும் வருத்தம் இல்லை. குகன் எட்டிப் பார்த்தார். என் தோளை ஒரு தரம் அழுத்தினார்.

சுபாவின் சிரிப்பு அப்போதுதான் நின்றது.

"அண்ணை, நீங்கள் அதுக்குள்ள நிண்டனீங்களோ?"

"நான் நிக்கேல்லை தங்கச்சி, கிடந்தனான்."

"விளையாடாதைங்கோ. படத்துக்குள்ள நீங்கள் இருக்கிறியளோ?"

திரையைக் காட்டினேன். அவர் அதைப் பார்த்தார். பிறகு குகனைப் பார்த்தார். முகம் வெளிறிவிட்டது.

"அழியுங்கோ."

"சுபா, விடன்," என்றார் குகன்.

"அம்மா, இட்ஸ் ஜஸ்ட் எ போட்டோ," என்றாள் ஆரணி.

"நீ பேசாமல் இரு பிள்ளை. அஞ்சு நாளாய் கோயில்ல இருக்கிற அந்த மனுசனைக் கேட்டுக்கொண்டு நிக்கிறன். கையால ஏலாத எனக்கு இது ஒண்டுதான் ஏலுது. இதையும் கெடுக்காதைங்கோ." அவர் என் கமராவின் வாரைப் பிடித்துக்கொண்டார். "அண்ணை, உங்கட தங்கச்சி எண்டு நினைச்சு அழியுங்கோ."

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கிறேன், ஏனென்றால் உங்களுக்கும் இது வரும். இதே மாதிரி வராது, வேறு மாதிரி வரும்.

அந்த நேரத்தில் செய்யக்கூடியது என்ன என்று எனக்குத் தெரியும். ஏதாவது ஒரு பட்டனை அமத்தி, வேறு ஒரு படத்தைக் காட்டி, போயிட்டுது தங்கச்சி என்று சொல்லலாம். ஒரு சின்னப் பொய். பொய்யில் நான் எட்டாம் வகுப்போடு நின்றவன் இல்லை, மேற்படிப்பு முடித்தவன். அல்பம் அச்சகத்தில் இருக்கிறது என்று சொல்லி அதைத் தொடங்காமலேயே மூன்று மாதம் ஓட்டியிருக்கிறேன். மொட்டைத் தலைக்கு முடி வைத்துக் கொடுத்து, அது சொந்த முடிதான் என்று சம்பந்தி வீட்டுக்குச் சத்தியம் செய்திருக்கிறேன். குகனும் அதை நம்பித்தான் என்னைப் பிடித்திருப்பார். லண்டனில் நல்ல படம் எடுக்கிறவர்கள் எவ்வளவோ பேர் இருக்கிறார்கள்.

ஆனால் அன்றைக்கு நான் நேர்மையானவனாக மாறினேன். வாரைப் பிடித்த அவரின் கையைப் பார்த்து இரங்கினேன் என்றும் சொல்லலாம், அதிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. மிச்ச உண்மை எனக்கு மட்டும்தான் தெரியும். அந்த நோர்பரி அம்மாவின் குரல் என் காதில் கேட்டது. இந்த மனிதன் எப்படியும் போகப்போகிறார். போன பிறகு சுபா எங்கேயாவது நின்று, அந்த மனுசன் எடுத்த படத்தாலதான் என்று சொன்னால் என்ன செய்வேன்? சாகப்போகிறவரின் ஆசையையும் என் பெயரையும் இரண்டு தட்டில் வைத்தேன். என் பெயர் பாரம் கூடி இறங்கியது. அந்தப் பெயருக்கு அவ்வளவு பாரம் இருக்கிறது என்று அதற்கு முன் எனக்கே தெரியாது.

அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அழித்தேன். நிச்சயமாக அழிக்கவா என்று கமரா ஒரு தரம் கேட்டது. அந்த யந்திரத்துக்கு இருந்த யோசனை எனக்கு இருக்கவில்லை. ஓம் என்று அமத்தினேன்.

"போச்சுது," என்றேன். "என்ர மண்டையில கணக்குப் பாடம் போன மாதிரி."

ஒருவரும் சிரிக்கவில்லை. குகன் குளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்து, ஒரு கண்ணை இலேசாகச் சிமிட்டினார். ஆறுதல் சொல்கிறார் என்று நினைத்தேன். தலையாட்டினேன்.

பிறகு நாலு பேராக ஒன்று எடுத்தோம். இந்தத் தரம் விழாமல் கவனமாக ஓடிப்போய்த் தகப்பனுக்கும் மகளுக்கும் நடுவில் நின்றேன். அந்தப் படம் இருக்கிறது. அவர்கள் மூன்று பேரும் பாஸ்போட்டுக்கு நிற்பதுபோல நிற்கிறார்கள். நான் மட்டும் பல் தெரியச் சிரிக்கிறேன்.

நத்தாருக்குப் பத்து நாள் இருக்கும்போது குகன் போய்விட்டார்.

செத்தவீட்டுக்கு வைக்கவும், முப்பத்தோராம் நாள் நினைவு மலரில் போடவும் அவர் தனியாக நின்ற படம் வேண்டும் என்று சுபாவும் ஆரணியும் ரூட்டிங்கில் இருந்த என் அறைக்கு வந்தார்கள். அன்றைக்கு எடுத்ததில் கோட்டோடு நேராகப் பார்க்கிற ஒன்று இருந்தது. முன்பக்கம் அளவாக இருந்தது. ஆரணி அதைத்தான் தெரிந்தெடுத்தாள். காருக்குப் பார்க்கிங் நேரம் முடிகிறது என்று அவள் கீழே இறங்கிப் போனாள். சுபா எழும்பாமல் இருந்தார்.

"அண்ணை, அந்தப் படம்."

"எந்தப் படம் தங்கச்சி?"

"நீங்கள் விழுந்த படம்."

"அதை அண்டைக்கே அழிச்சனான் தானே. நீங்களும் பாத்துக்கொண்டு நிண்டனீங்கள்."

"ஓம், பாத்தனான்." கைப்பையின் சிப்பை இழுப்பதும் மூடுவதுமாக இருந்தார். "நீங்கள் ஏதாவது சுத்துமாத்துச் செய்திருப்பியள் எண்டு நினைச்சன். எல்லாரும் உங்களைச் சுத்துமாத்துக்காரன் எண்டுதானே சொல்லுறவை."

நான் திரையில் இருந்த கோட்டுப் படத்தை மூடினேன்.

"அவரும் அப்பிடித்தான் நினைச்சவர். கடைசிக் கிழமை ஆஸ்பத்திரியில வச்சுச் சொன்னவர். அண்ணை அதை அழிச்சிருக்க மாட்டார், நான் கண்ணைச் சிமிட்டத் தலையாட்டினவர், பேந்து போய்க் கேட்டு வாங்கு எண்டு. உன்னை ஏசமாட்டன், நீ எனக்காகத்தான் செய்தனி எண்டும் சொன்னவர்." பையை மூடி மடியில் வைத்தார். "நான் அழியுங்கோ எண்டு சொன்னால் உடனே நீங்கள் கேக்கிறதே அண்ணை?"

என்னை எத்தனையோ பேர் ஏசியிருக்கிறார்கள். மணப்பெண்ணின் தகப்பன் ஒருவர் மண்டபத்தில் கதிரையைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார். ஒருவரும் இப்படி அடித்ததில்லை. அதுவும் அவர் கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

கம்பியூட்டரில் தேடினால் வரும் என்று நீங்கள் சொல்வீர்கள். நானும் அப்படித்தான் சொன்னேன். ஆனால் அந்த மெமரி கார்டில் நான் அதற்குப் பிறகு இரண்டு சாமத்தியவீடும் ஒரு கலியாணமும் எடுத்து முடித்திருந்தேன். சவுத்தாலில் போன் திருத்துகிற கடை வைத்திருக்கும் ஒரு சர்தார்ஜியிடம் கொண்டுபோனேன். என் இங்கிலிஷில் பாதியும் கையால் மீதியும் விளக்கினேன். அவர் கார்டை வாங்கிக்கொண்டு, சத்தியம் செய்யமாட்டேன் என்றார். ஐந்தாம் நாள் கூப்பிட்டார்.

திரையில் ஒரு படம். அதன் மேல்பக்கம் கொஞ்சம் மட்டும் இருந்தது, கீழே முழுக்கச் சாம்பல் நிறம். இருந்த அந்தக் கொஞ்சத்தில் இலைகள். வெயில் பின்னாலிருந்து அடிக்கிற மஞ்சள் இலைகள். ஆட்களின் தலை தொடங்குகிற இடத்துக்குச் சற்று மேலே படம் அறுந்திருந்தது. வலப்பக்க விளிம்பில் மண்ணிறத்தில் நகம் அளவு ஒரு வளைவு. அது குகனின் தொப்பியா, காய்ந்த இலையா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. சர்தார்ஜி என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒரு தேத்தண்ணீர் வாங்கித் தந்தார்.

அதை அவர்களிடம் கொண்டுபோக எனக்கு முகம் இல்லை. அதனால் இன்னொரு முட்டாள்தனம் செய்தேன். மற்றப் படங்களில் இருந்து மூன்று பேரையும் வெட்டி எடுத்து, அந்த மரத்துக்குக் கீழே ஒட்டி, சிரிப்பையும் சரிசெய்து ஒரு படம் தயாரித்தேன். இப்போது நீங்கள் ஏஐயில் அரை நிமிடத்தில் செய்வது. எனக்கு நாலு நாள் பிடித்தது. முப்பத்தோராம் நாள் முடிந்த பிறகு ஆரணியிடம் காட்டினேன். அவள் அதைக் கன நேரம் பார்த்தாள்.

"அங்கிள், இது நல்லா இருக்கு," என்றாள். "பட் அப்பா சிரிச்சா என்ர தோளைப் பிடிப்பார். இதில பிடிக்கேல்லை."

அந்தப் படத்தை அவள் கேட்காமலேயே நான் அழித்தேன். பிறகு சவுத்தாலில் கிடைத்த இலைத்துண்டை அவளுக்கு அனுப்பிவிட்டு, உங்களிடம் தருவதற்கு இதுதான் மிஞ்சியது, மன்னித்துக்கொள்ளுங்கள் என்று எழுதினேன். என் வாழ்நாளில் நான் எழுதிய நீளமான கடிதம் அது. பிழை இருந்திருக்கும். பதில் வரவில்லை.

ஆகவே பிள்ளைகளே, அழி என்று ஒருவர் அழுதுகொண்டு சொன்னால், அவர் அந்த நிமிடத்தில் நின்று சொல்கிறார் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் எடுத்தது அந்த நிமிடத்துக்கான படம் இல்லை. யாருக்கும் காட்டாதீர்கள், எங்கேயும் போடாதீர்கள், பூட்டி வையுங்கள். ஒரு வருடம் கழித்தும் வேண்டாம் என்றால் அப்போது அழியுங்கள். உங்களுக்குக் கெட்ட பெயர் வரட்டும். வந்த பெயரோடு நான் முப்பது வருடம் சாப்பிட்டிருக்கிறேன், ஒன்றும் ஆகாது. நல்லபெயர் எடுக்க நினைத்த அந்த ஒரு நாள்தான் இன்னும் செமிக்கவில்லை.

ஆண்டுத் திவசத்துக்குச் சுபா என்னைக் கூப்பிட்டிருந்தார். போகாமல் விடப் பார்த்தேன், மனைவி விடவில்லை. நோர்பரி வீட்டில் சனம் நிறைந்திருந்தது. வரவேற்பறையில் ஒரு பக்கச் சுவரில் சாமான் ஒன்றும் இல்லை, கதிரைகளைக்கூட எடுத்திருந்தார்கள். அந்தச் சுவரில் நீளமான, ஒடுக்கமான ஒரு பிரேம் தொங்கியது. மஞ்சள் இலைகள். நான் அனுப்பிய துண்டுதான். ஆனால் அதை ஆள் உயரத்துக்கும் மேலே, கழுத்தை நிமிர்த்திப் பார்க்கிற இடத்தில் அடித்திருந்தார்கள்.

எனக்குப் பக்கத்தில் நின்ற ஒரு பெரியவர் தேத்தண்ணீர் கொண்டுவந்த சுபாவைக் கேட்டார்.

"வடிவான படம் பிள்ளை. ஏன் உவ்வளவு உயரத்தில கொழுவினனீர்?"

சுபா தட்டத்தை அவரிடம் நீட்டினார். என்னைப் பார்க்கவில்லை.

"அவர் நிண்ட உயரத்துக்கு அளந்து அடிச்சது ஐயா," என்றார். "கீழ நாங்கள் மூண்டு பேரும் நிக்கிறம்."